தாகமே எடுக்காத ஊரில் ஒரு ஜூஸ் கடை

வெறும் வயிற்றோடு வருகிறவர்களை நம்பி நடத்துகிற தொழில் என்னுடையது. இட்லிக் கடைக்காரருக்குப் பசி துணை. டீக்கடைக்காரருக்குக் குளிர் துணை. எனக்கு, ‘உடம்பைக் கொஞ்சம் சுத்தம் பண்ணணும்’ என்று ஒரு மனுசனுக்குக் காலையில் திடீரென்று தோன்றுகிற அந்த நல்ல எண்ணம் மட்டும்தான் துணை. வெயில் ஏறுவதற்குள் அந்த எண்ணம் வடைக்கடைப் பக்கம் போய்விடும். அதற்குள் நான் விற்று முடித்தாக வேண்டும்.

நீலகிரியில், குன்னூருக்குப் பக்கத்து அருவங்காட்டில், காலையில் நடக்க வருகிறவர்கள் திரும்பிப் போகிற வளைவில் என் தள்ளுவண்டி நிற்கும். அருகம்புல், வாழைத்தண்டு, நெல்லிக்காய், கொத்தமல்லி, சீரகத் தண்ணீர், மோர். மிக்ஸிக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையிலிருந்து ஒரு வயர். என் வீட்டுக்காரர் பிக்கப் வண்டி ஓட்டுகிறார். கேத்திப் பக்கம் கேரட் ஏற்றிக்கொண்டு போய் மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்குவார். நான் வீட்டுக்குள் நுழையும்போது அவர் கிளம்புவார்; அவர் நுழையும்போது நான் வண்டி தள்ளிக்கொண்டிருப்பேன்.

எங்கள் மகள் யாழினிக்குப் போன குளிர்காலத்தில் வீசிங் வந்துவிட்டது. அப்போது நாங்கள் இருந்த வீட்டுச் சுவரில் பாசி பிடித்திருந்தது. டாக்டர் சுவரைப் பார்க்காமலே சொன்னார்: “ஓதம் ஏறின வீட்ல குழந்தையை வெச்சிருக்காதீங்க. பனி முடியற வரைக்கும் கீழே யார் வீட்லயாவது விடுங்க.” மேட்டுப்பாளையத்தில் என் அக்கா இருக்கிறாள். அக்காவுக்குக் குழந்தை இல்லை. பாப்பாவை அங்கே விட்டோம். பனி முடிந்தது. பாப்பா இன்னும் வரவில்லை. ஜூனில் ஒன்றாம் வகுப்பு. மேலே சேர்ப்பதா, கீழே சேர்ப்பதா என்று கேட்டால் அக்கா “பார்க்கலாம்” என்கிறாள். இந்த உலகத்தில் எனக்குப் பிடிக்காத வார்த்தை ஒன்று உண்டென்றால் அது அந்தப் ‘பார்க்கலாம்’தான்.

குளிரில் விரல் மரத்து மிக்ஸி மூடியை அமுக்கிக்கொண்டு நிற்கிற என் கூட்டாளிகளே, கை ஓரிடத்திலும் மனசு ஓரிடத்திலும் வைத்துக் கடை நடத்துவது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

பூசணிக்காயும் குரங்குக் குல்லாவும்

மேட்டுப்பாளையத்தில் ஒரு வண்டிக்காரர் வெண்பூசணி ஜூஸ் போட, ஆட்கள் வரிசையில் நின்று குடிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் எனக்கு இந்த ஆசையே வந்தது. அதே மாதிரி நானும் கடை போட்டேன். அதே பூசணி, அதே மிளகு, அதே கண்ணாடி டம்ளர். ஒன்றை மட்டும் மறந்துவிட்டேன். அவர் கடை போட்டது வெயிலில். நான் போட்டது, வாயைத் திறந்தால் புகை வருகிற தை மாதத்துக் காலையில்.

முதல் போணி சுப்பண்ணன். இங்கேயுள்ள வெடிமருந்து பேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். குரங்குக் குல்லா, அதற்கு மேல் மஃப்ளர், அதற்கு மேல் ஒரு துண்டு. டம்ளரை வாங்கி ஒரு மடக்குக் குடித்தார். கண்ணை மூடினார். பல் இரண்டு வரிசையும் ஒன்றோடொன்று பேசுவது எனக்கே கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: “ஏனுங்க அம்மிணி, இதைக் குடிச்சாக் கழிவு வெளிய போகுங்களா, உசுரு வெளிய போகுங்களா? முன்னாடியே சொல்லியிருந்தா ஊட்ல ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வந்திருப்பேன்.”

டீயை எதில் போடுகிறார்கள்?

மறுநாள் வண்டியில் ஒரு கேஸ் அடுப்பு ஏறிவிட்டது. சீரகத் தண்ணீர், தனியாத் தண்ணீர், இஞ்சி தட்டிப்போட்ட எலுமிச்சை, எல்லாம் இளஞ்சூட்டில். நெல்லிக்காயைக்கூட வெந்நீர் விட்டுத்தான் அடிப்பேன். அதற்கப்புறம் வியாபாரம் படுக்கவில்லை. ஆனால் பெரிய எதிரி பூசணி இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. இந்த ஊரில் தாகமே எடுக்காது. கீழே இருந்தால் தொண்டை காய்ந்து மனுசன் தானாகத் தண்ணீர்ப் பானையைத் தேடுவான். இங்கே காலையிலிருந்து பொழுது சாயும்வரை ஒரு வாய்த் தண்ணீர் இல்லாமல் ஓட்டிவிடலாம். கேட்டால் “வேணும்னே தோணலைங்க” என்பார்கள். உதடு மட்டும் வெடித்துக் கிடக்கும்.

வருகிறவர்களிடமெல்லாம் நான் ஒன்றையே சொல்வேன், வியாபாரத்துக்கு அது நல்லதில்லை என்றாலும். உடம்பைக் கழுவுகிற வேலையை ஈரலும் சிறுநீரகமும் யாரும் சொல்லாமலே பார்த்துக்கொண்டிருக்கின்றன. நாம் செய்ய வேண்டியது அதற்கு வேளாவேளைக்குத் தண்ணீர் ஊற்றுவதும், கீரை, காய், பழம் என்று நார் உள்ளதாகச் சாப்பிடுவதும், எண்ணெய்ப் பலகாரத்தைக் கொஞ்சம் தள்ளி வைப்பதும்தான். என் டம்ளரில் இருக்கிறது அதற்கு ஒரு சாக்கு, அவ்வளவுதான். இதையெல்லாம் சொல்லிவிட்டுச் சுப்பண்ணனிடம், “நேத்து எத்தனை டம்ளர் தண்ணி குடிச்சீங்க?” என்றேன். டீயாக அடுக்கினார். எழுந்ததும் ஒன்று, பேப்பர் வந்ததும் ஒன்று, மச்சான் வந்ததும் ஒன்று, மச்சான் போனதும் ஒன்று. “அண்ணா, நான் தண்ணியக் கேட்டேனுங்க” என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏம்மிணி, டீயை எதுல போடறாங்க? தண்ணியிலதானே போடறாங்க? இல்லே, பெட்ரோல்ல போடறாங்களா?”

உங்க ஊரு

வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு வந்ததும் முதல் வேலை, பாப்பா யூ.கே.ஜி.க்குக் கிளம்புவதற்குள் ஒரு வீடியோ கால். வீட்டுக்காரராவது லோடு இறக்கிவிட்டுத் திரும்புகிற வழியில் அக்கா வீட்டில் இறங்கிப் பாப்பாவைப் பார்த்துவிட்டு வருவார். “இன்னைக்கு ரெட்டைச் சடை”, “இன்னைக்கு ஒரு பல்லு ஆடுது” என்று அவர் கொண்டு வருகிற சேதிதான் எனக்குச் சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ள. எனக்குப் போன்தான் மகள்.

அன்றைக்குப் பாப்பா ஒரு தண்ணீர் பாட்டிலைக் காமிராவுக்கு முன்னால் நீட்டினாள். பாட்டிலில் நகப்பூச்சால் மூன்று கோடு. “செவப்புக் கோடு வரைக்கும் மொத பெல்லுக்குள்ள குடிக்கோணும். நீலக் கோடு வரைக்கும் சோத்துக்கு முன்னாடி. பச்சைக் கோடு ஆட்டோ வர்றதுக்குள்ள. பெரியம்மா போட்டாங்க.” நல்ல யோசனை, எனக்குத்தான் தோன்றியிருக்க வேண்டும். கன்னம் உப்பியிருந்தது. மூச்சு இழுக்கவில்லை. பேசும்போது நடுவில் நிறுத்தி மூச்சு வாங்குவாளே, அது இல்லை. நான் சந்தோசப்பட வேண்டும், பட்டுக்கொண்டும்தான் இருந்தேன். அப்போது அவள் இன்னொரு கையால் இளநீரைத் தூக்கிக் காட்டிக் கேட்டாள்: “அம்மா, உங்க ஊர்ல எளநி கெடைக்குதா?”

மஃப்ளரில் உதிர்ந்த வர்க்கி

அந்த ‘உங்க ஊரு’ என் காதுக்குள் மிக்ஸி மாதிரி ஓடிக்கொண்டிருந்த நாட்களில்தான் அந்த ஜோடி வந்தது. சென்னைக்காரர்கள். குன்னூரில் வீடு எடுத்துத் தங்கி லேப்டாப்பில் வேலை பார்க்கிறவர்கள். ஸ்கூட்டரில் வந்து இறங்கி அந்தப் பெண், “அக்கா, மூணு நாளைக்கு நாங்க ரெண்டு பேரும் டீடாக்ஸ். ஜூஸ் மட்டும்தான். சோறு, டிபன் எதுவும் கிடையாது” என்றது. அந்தப் பையன் என்னைப் பார்த்த பார்வையில் ‘காப்பாத்துங்க’ என்று எழுதியிருந்தது. நான் சொல்லிப் பார்த்தேன்: “வயித்தைக் காயப் போட்டாச் சுத்தமாகாது கண்ணு. கீரையும் பருப்பும் வெச்சு, பொழுதோட சாப்பிட்டு, நல்லாத் தண்ணி குடிச்சாப் போதும்.” கேட்கிற நிலையில் இல்லை. கொடுத்தனுப்பினேன்.

இரண்டாம் நாள் அந்தப் பையனைப் பேக்கரி வாசலில் பார்த்தேன். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, இந்த மலைக்கே பேர் வாங்கிக் கொடுத்த வர்க்கியை மொறுமொறுவென்று கடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், “அக்கா, இதுக்குள்ள வெறும் காத்துதானே இருக்கு?” என்றான். நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் மூன்றாம் நாள் காலை அந்தப் பெண் முகம் வெளுத்து, வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, எனக்கென்று கொண்டு வந்திருந்த ராகிக் கஞ்சியில் உப்பும் மோரும் விட்டுக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு, மீதியை அவனுக்கு நீட்டியது. ஒரே டம்ளரில் இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நானும் என் வீட்டுக்காரரும் ஒன்றாக உட்கார்ந்து எதையாவது குடித்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டேன். தெம்பு வந்ததும் அந்தப் பெண் அவன் கழுத்தைப் பார்த்துச் சொன்னது: “டாக்ஸின் வெளிய போச்சோ இல்லையோ, உன் பொய் முழுக்க மஃப்ளர் மேலயே கொட்டிக் கிடக்குடா.”

கொடுக்காத டம்ளர்

இந்தத் தொழிலில் விற்காமல் அனுப்பவும் தெரிய வேண்டும். ஒரு பெரியவர் வந்து பெரிய டம்ளரில் வாழைத்தண்டு ஜூஸ் கேட்டார். கணுக்கால் செருப்புக்கு மேலே பிதுங்கி வீங்கியிருந்தது. பக்கத்தில் வீட்டம்மா. விசாரித்தால், கிட்னியில் கோளாறு, தண்ணீரே அளந்துதான் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எல்லார் உடம்புக்கும் ஒரே டம்ளர் ஆகாதுங்க, டாக்டரைக் கேட்காமல் நான் தரமாட்டேன் என்றேன். பெரியவர் விடுவதாக இல்லை. அந்தம்மா என் பக்கம் வந்து நின்றுகொண்டு சொன்னார்: “கடைக்காரி வேண்டாங்கறா, ஊட்டுக்காரி வேண்டாங்கறா, டாக்டரு வேண்டாங்கறாரு. இவுரு ஒருத்தருக்கு மட்டும் வேணுமாமா!”

மலையில் ஒரு மறைவு

ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வரும்போதெல்லாம் மரகதம் அக்கா என் வண்டியில் நிற்பார். எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறவர். அவருடைய அப்பா அம்மா இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். இன்னமும் வரிசை வீட்டை ‘லயம்’ என்றும், தேயிலைக் காட்டை ‘மலை’ என்றும்தான் சொல்வார். ஒருநாள், “நீர்க்கடுப்பு உசுரு போகுது புள்ள, நல்ல ஜூஸா ஒன்னு குடு” என்றார். பார்லித் தண்ணீர் கொடுத்தேன். காய்ச்சலும் இருக்கிறது என்று தெரிந்ததும், இது ஜூஸில் தீருகிற சங்கதி இல்லை, நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று பஸ் ஏற்றிவிட்டேன். மாத்திரை சாப்பிட்டுச் சரியாகி அடுத்த வாரம் வந்தார். நான் வழக்கம்போல ஆரம்பித்தேன்: தண்ணி குடிக்கறதே இல்லை நீங்க, அதனாலதான். அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “குடி குடின்னு சொல்றது லேசு புள்ள. காலையில மலைக்கு ஏறுனா மத்தியானம்தான் எறக்கம். சுத்தி ஆம்பளையாளு. குடிச்ச தண்ணிய எறக்கி வைக்க அங்க ஒரு மறைவு இருக்கா, அதச் சொல்லு மொதல்ல.”

இத்தனை நாளாக நான் தாகம் எடுக்காததைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன். எடுத்த தாகத்தை அடக்கிக்கொண்டு நிற்கிறவர்களைப் பற்றி யோசிக்கவே இல்லை. வீட்டுக்காரரிடம் கேரட் லோடு மூடுகிற பழைய தார்ப்பாய் ஒன்று இருந்தது. மறைவு கட்டிக்கொள்ள அதை வெட்டிக் கொடுத்தேன். கூடவே மரகதம் அக்காவின் பாட்டிலில், பாப்பா விட்டுவிட்டுப் போன நகப்பூச்சை எடுத்துக் கோடு போட்டுக் கொடுத்தேன். கொழுந்து நிறுக்கிற நேரம்வரை ஒன்று, சாப்பாடுவரை ஒன்று. மூடியைத் திறந்ததும் பாப்பாவின் கை வாசம் மாதிரி இருந்தது. நகப்பூச்சுக்கு அப்படி ஒரு வாசமும் கிடையாது, எனக்கும் தெரியும்.

சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் தார்ப்பாயைக் கட்டி, குழி தோண்டி, பக்கத்தில் மண்ணும் குவித்து வைத்துவிட்டார்களாம் கொழுந்து எடுக்கிற பெண்கள். சூப்பர்வைசர் வந்து, “என்னது இது, எஸ்டேட்டுக்குள்ள கூடாரம்?” என்று அதட்டினாராம். மரகதம் அக்கா கொழுந்து கிள்ளுவதை நிறுத்தாமல் பதில் சொன்னாராம்: “டாக்டர் ரூம் சார். உங்களுக்கும் பார்க்கணும்னா டோக்கன் போட்டுட்டு வரிசையில நில்லுங்க.” பிறகு அவர் அந்தப் பக்கமே வரவில்லை.

வெயில் விழும் வீடு

பெள்ளி அக்காதான் எனக்குக் கீரையும் கொத்தமல்லியும் தருகிறவர். படுகர் ஊரில் சொந்தத் தோட்டம். பேச்சு வாக்கில் ஒருநாள் பாப்பாவைப் பற்றிச் சொல்லிவிட்டேன். “பனி முடிஞ்சும் ஏன் கூட்டிட்டு வரலை?” என்றார். பாசிச் சுவரைச் சொன்னேன். அவர் கீரையை எடை போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் அவர் வீட்டுக்கு மேல் பக்கம் காலியான வீட்டைக் காட்டினார். கிழக்கே பார்த்த ஜன்னல். காலை வெயில் தரையில் பாய் விரித்த மாதிரி விழுந்தது. மலையில் வீடு பார்த்தவர்களுக்குத் தெரியும், இங்கே வாடகை கேட்பதற்கு முன்னால் வெயில் எந்தப் பக்கம் என்றுதான் கேட்போம். நான் சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

குடிவந்த அன்றே துணி துவைத்துப் போட்டேன். அன்றைக்கே காய்ந்தது, இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து அப்படி ஒரு அதிசயத்தை நான் கண்டதில்லை. பாப்பாவுக்குப் புகை ஆகாதென்று விறகடுப்பைக் கிட்டவே சேர்க்கவில்லை. ஜன்னலோரம் பாப்பாவின் கட்டிலைப் போட்டு, அவள் பழைய ஸ்வெட்டரை வெயிலில் விரித்து வைத்தேன். தினமும் விரித்து வைத்தேன். போடுவதற்கு ஆளில்லாத ஸ்வெட்டர் நன்றாகச் சூடாகி, மறுபடி ஆறி, பெட்டிக்குள் போகும். கைகளை அளந்து பார்த்தால், இனி அது பத்தாது என்றும் தோன்றியது. பெள்ளி அக்கா கீழே தன் வாசலில் நின்று இதைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார் போல. ஆறுதலாக ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். “வெயிலெல்லாம் நீயே வெச்சுக்கோ அம்மிணி. ஆனா விடியறதுக்குள்ள அந்த மிக்ஸியப் போடாத. எம் மாடு பயந்துக்கிட்டுப் பாலை உள்ளயே வெச்சுக்குது.”

சுவரைத் தொட்டுப் பார்த்த அக்கா

மே மாதம், ஊட்டிக்குப் போகிற வண்டிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கிற சமயத்தில், அக்கா பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பாப்பாவுக்கு முன்னால் அக்காவின் பை இறங்கியது. பைக்குள் மாத்திரை, மூச்சுக்கு அடிக்கிற பம்பு, துண்டு, கீழேயிருந்து கொண்டு வந்த தண்ணீர். “மலைத் தண்ணி ஒத்துக்குமோ என்னவோன்னு” என்றாள். வீட்டுக்குள் வந்ததும் ஒவ்வொரு சுவராகக் கையை வைத்துப் பார்த்தாள். கட்டிலுக்குப் பின்னால்கூடக் குனிந்து பார்த்தாள். குறை கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதில் அவளுக்குச் சந்தோசமா, வருத்தமா என்று முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை.

அந்த வாரம் முழுக்கப் பாப்பா என்னோடு வண்டிக்கு வந்தாள். முதல் நாள் என்னிடம் ஒட்டாமல் அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். வாடிக்கையாளர்களோடு வாடிக்கையாளராக நின்று, “எனக்கும் ஒரு டம்ளர் குடுங்க” என்றாள். அந்த ‘ங்க’வைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெங்காயம் நறுக்குகிற தொழிலும் இல்லை, சாக்குச் சொல்ல. வெதுவெதுப்பான சீரகத் தண்ணீரை ஆற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுச் சுப்பண்ணனைப் பார்த்து, “தாத்தா, நீங்க செவப்புக் கோடு வரைக்கும் குடிச்சாச்சா?” என்று கேட்டாள். அவர் முழித்தார். அன்றிலிருந்து அவருக்கும் ஒரு கோடு போட்ட பாட்டில். மூன்றாம் நாள் காலை அவராகவே வந்து பாட்டிலைத் தூக்கிக் காட்டி, குல்லாவைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: “நல்லாப் பாத்துக்க சாமி, இது டீ இல்லே!”

பச்சைக் கோடு

வார முடிவில் டாக்டரிடம் போனோம். நான் கேட்க வேண்டியதையெல்லாம் அக்காவே கேட்டாள். மழை பெய்தால்? ராத்திரி இருமினால்? பம்பை எப்போது அடிக்கணும்? பாப்பா எந்தப் பக்கம் படுத்தால் மூக்கடைக்கும் என்பது வரைக்கும் அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு, “இப்போ நல்லா இருக்கு. பம்பையும் மருந்தையும் நீங்களா நிறுத்தக் கூடாது. காய்ஞ்ச வீடு, புகை ஆகாது, வெதுவெதுப்பாத் தண்ணி. இங்கயே இருக்கட்டும். பனிக் காலம் வர்றப்போ மறுபடி காட்டுங்க” என்றார். நான் எத்தனையோ மாதமாகக் காத்திருந்த வார்த்தை அது. வந்ததும் துள்ளிக் குதிப்பேன் என்று நினைத்திருந்தேன். வெளியே வந்து படியில் நின்றபோது அக்கா தன் பையின் ஜிப்பைத் திறந்து, மூடி, திறந்து, மறுபடி மூடினாள்.

“இங்கயே சேத்துடு” என்றாள். “எங்க பக்கத்து ஸ்கூல்ல ஒரு சீட்டுச் சொல்லி வெச்சிருந்தேன். யூனிபார்முக்குத் துணிகூட எடுத்துட்டேன். அது கெடக்குது விடு” என்றாள். அவளுடைய ‘பார்க்கலாம்’ எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. போனில் மகளைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தது போல, இனி அவள் உட்கார்ந்திருக்கப் போகிறாள். “நீயும் இங்கயே இருந்துக்க அக்கா” என்றேன். “மாமனுக்கு யாருடி சோறு பொங்கறது? போடி” என்று சிரித்தாள்.

அக்காவை ஏற்றிவிடப் போன பஸ் நிறுத்தத்தில் பாப்பா என் கையை உதறிவிட்டு வீட்டுக்கு ஓடினாள். அக்காவோடு போவதற்குத் துணி எடுக்கத்தான் ஓடுகிறாள் என்று நினைத்தேன். அக்காவும் அப்படித்தான் நினைத்திருப்பாள். அவள் முகத்தில் ஒரு நிமிடம் விளக்கு ஏற்றி வைத்த மாதிரி இருந்தது. பாப்பா வெறுங்கையோடு வரவில்லை, துணியோடும் வரவில்லை. நகப்பூச்சோடு வந்தாள். அக்காவின் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை உருவி, நாக்கைத் துருத்திக்கொண்டு, நடுவில் கோணலாக ஒரு பச்சைக் கோடு போட்டாள். ஊதிக் காய வைத்தாள். பஸ் ஹாரன் அடித்தது. அக்கா படியில் ஏறி நின்றதும் பாட்டிலை மேலே நீட்டிச் சொன்னாள்: “பெரியம்மா, இந்தக் கோடு வரைக்கும் குடிச்சு முடிச்சதும் எனக்குப் போன் பண்ணோணும். குடிக்காமப் பண்ணினா நான் எடுக்க மாட்டேன், ஆமா.”

இந்த மலையில் எத்தனையோ பேரிடம் தண்ணீர் குடியுங்கள் என்று கெஞ்சிப் பார்த்துவிட்டேன்; விடிந்து வெயில் வருவதற்குள் பாட்டிலைப் பச்சைக் கோடு வரைக்கும் காலி செய்துவிட்டுப் போனில் வந்து நிற்கிற ஒரே வாடிக்கையாளர், மலைக்குக் கீழே இருக்கிற என் அக்காதான்.